மடிப்புக் கலையாத நிறம்

டைம்கீப்பருக்கு எந்த பஸ் எப்போது கிளம்பும், எப்போது வந்து சேரும் என்பதெல்லாம் அத்துப்படி. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும் தெருமுனையில் ஹாரன் கேட்டால் மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பார். மகளின் பிரசவத்துக்கென்று விமானம் ஏறிப்போன மனைவி எப்போது திரும்பி வருவாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. பிறந்த குழந்தை குப்புற விழுந்து, தவழ்ந்து, நடந்து, இப்போது முதுகில் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டது. அவளுடைய டிக்கெட் ஒரு தடவை தள்ளிப்போனது. பிறகு இன்னொரு தடவை. அப்புறம் டிக்கெட் என்ற பேச்சையே இருவரும் எடுப்பதில்லை.

சண்டை ஒன்றும் கிடையாது. அதுதான் வம்பு. சண்டை என்றால் யாராவது நடுவில் புகுந்து சமாதானம் செய்து வைக்கலாம். நடக்காத சண்டைக்கு யாரைக் கூப்பிடுவது?

தினமும் காலையில் குளித்து முடித்துவிட்டு, கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து வீடியோவில் கூப்பிடுவார். இங்கே காலை என்றால் அங்கே சாயங்காலம். அவள் கட்டிலில் கால் நீட்டி, சுவரில் சாய்ந்தபடி பேசுவாள்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. அங்க மழை உண்டா?"

"இல்ல."

"சரி, வச்சிடறேன்."

இவ்வளவுதான். பேசும்போதும் அவர் பார்ப்பது பெரும்பாலும் திரையின் மூலையில் குட்டியாகத் தெரியும் தன் முகத்தைத்தான். முடி படிந்திருக்கிறதா, கன்னம் ஒட்டிப்போயிருக்கிறதா என்று ஒரு சோதனை. இந்தப் பழக்கம் ஊரில் பாதிப் பேருக்கு உண்டு, அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பேசி முடித்த பிறகு வீடு பெரிதாகிவிடும். அவர் வெளியே வந்து வாசலில் கிடக்கும் ஒற்றை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். கேட்டிலிருந்து வீட்டுப்படி வரைக்கும் கார் ஏறி வர ஒரு கான்கிரீட் பாதை. அதை ஒட்டி, நாலு பேர் நாற்காலி போட்டுப் பேசிக்கொண்டிருக்கலாம் என்று விட்ட ஒரு சதுரம். எல்லாம் வெறும் சாம்பல் நிறம். வீடு கட்டி முடித்த சமயத்தில் இந்தத் தளத்துக்குக் கலர் போடலாமா என்று அவள் கேட்டாள். "கலர் சோறு போடுமா? கழுவிவிட சிமெண்டுதான் லாயக்கு" என்று சொல்லிவிட்டு அவர் டெப்போவுக்குக் கிளம்பிப் போனார். அவள் ஏதோ ஒரு கலரின் பேரைக்கூடச் சொன்னாள். அது என்ன கலர் என்பது அவர் காதில் ஏறவில்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு நாள்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. தளத்துக்குக் கலர் போட்டுவிடுவது. போட்டு முடித்து, ஒரு காலை நேரம் கைப்பேசியைத் திருப்பிக் காட்டுவது. அவள் "ஐயோ, எப்பப் போட்டீங்க?" என்பாள். "வந்து பாரேன்" என்பார். வந்துவிடுவாள். அவர் மனதில் கணக்கு இவ்வளவு சுலபமாக இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும், தனியாக இருக்கும் மனிதன் எதையாவது பிடித்துக்கொண்டுதானே எழுந்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்கென்று விசாரித்ததில் ஒரு அம்மாளைச் சொன்னார்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, கையில் கனமான உறை, பின்னால் இரண்டு ஆட்கள். தெருவில் எல்லோரும் அவளைச் சாயக்காரம்மா என்றுதான் சொன்னார்கள். வந்ததும் தளத்தில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டி, அது உள்ளே இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தாள்.

"நல்லாக் குடிக்குது சார். உடைக்க வேண்டாம், இதுமேலயே போடலாம். ஆனா ஒண்ணு. இது பெயிண்ட் இல்ல, ஆசிட் சாயம். பெயிண்ட் மேல உக்காரும், பிடிக்கலைன்னா சுரண்டிடலாம். இது சிமெண்டோட சேர்ந்து உள்ள இறங்கிடும். போட்டா போட்டதுதான்."

"கறை எல்லாம் மறைஞ்சிடுமா?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற வேலை எல்லாம் பெயிண்டுக்குத்தான் தெரியும். சாயம் எதையும் மறைக்காது. கார் எண்ணெய் சொட்டின இடம் ஒரு மாதிரி இருக்கும், தொட்டி வச்ச இடம் ஒரு மாதிரி இருக்கும். அதுவும் ஒரு அழகுன்னு நினைக்கிறவங்கதான் இதைப் போடணும்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யாருக்கும் தெரியாத மூலையில், வரிசையாகக் கட்டம் போட்டு ஒவ்வொரு சாயமாகத் தடவிக் காட்டினாள். அவற்றுக்கு அவளே பேரும் வைத்திருந்தாள். காப்பி, வெல்லப்பாகு, தோல்செருப்பு, பழைய இரும்பு. கடைசிக் கட்டத்தில் நீலமும் பச்சையும் கலந்து ஒன்று மினுமினுத்தது.

"இது மயில்கழுத்து."

டைம்கீப்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மா இது? நீச்சல் குளமா கட்டப் போறோம்?"

"பாக்க அழகுதான். ஆனா வெளிய போட்டா ஈரம் பட்டுப் பட்டுக் கறுத்துடும். வீட்டுக்குள்ள போட்டா அப்படியே நிக்கும். மாதிரிக்குக் காட்டினேன்." அவள் சொம்புத் தண்ணீரால் எல்லாக் கட்டங்களையும் நனைத்தாள். "நனைஞ்சா எப்படி இருக்கோ, மேல பூச்சு போட்டப்புறம் அப்படித்தான் இருக்கும். வெயில்ல ஒரு தடவை, மத்தியானத்துக்கப்புறம் ஒரு தடவை பாத்துட்டுச் சொல்லுங்க. வீட்டம்மாகிட்டயும் கேட்டுக்குங்க. ஆம்பளைங்க தேர்ந்தெடுத்து நான் போட்டு, அப்புறம் வீட்டம்மா வந்து என்னைத் திட்டின கதை நிறைய இருக்கு."

வீட்டம்மாவிடம் கேட்டால் போயிற்று. ஆனால் அவர் கேட்கத் தயாரில்லை. ஆச்சரியமாக இருக்கட்டும் என்பது வெளியே சொன்ன காரணம். உள்ளே இருந்தது வேறு. என்ன கலர் வேண்டும் என்று கேட்டால், எதுக்கு என்பாள். வாசலுக்கு என்றால், இப்ப எதுக்கு என்பாள். நீ வரும்போது பார்க்க என்றால், அதற்கு அவள் ஏதாவது ஒன்று சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த ஏதாவது ஒன்றைக் கேட்கத்தான் அவருக்குப் பயம்.

கட்டங்களுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தார். அவளுக்கு என்ன கலர் பிடிக்கும்? முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே கூரைக்குக் கீழே குடும்பம் நடத்திய மனிதர். அவளுக்கு உப்பு எவ்வளவு வேண்டும், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள், இடி இடித்தால் எந்த ஜன்னலை முதலில் சாத்துவாள், எல்லாம் தெரியும். கலர் மட்டும் வரவில்லை. மறந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தார். யோசிக்க யோசிக்க, மறப்பதற்கு ஒரு காலத்தில் தெரிந்திருக்க வேண்டுமே என்று தோன்றியது. அந்த எண்ணம் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

கொழுந்தியாளுக்குப் போன் போட்டார்.

"என்ன அத்தான், அதிசயமா இருக்கு!"

"ஒண்ணுமில்லம்மா, உங்க அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

மறுமுனையில் சிரிப்பு. சிரிப்பு என்று சொல்லலாம்.

"பேரப்பிள்ளை எடுத்தப்புறம் வந்த சந்தேகமா இது? அவகிட்டயே கேளுங்களேன்."

"இல்ல, அவளுக்குத் தெரியாம ஒண்ணு செய்யறேன். நீ சொல்லு."

"சொல்ல மாட்டேன். தினம் வீடியோவுல பேசறீங்கதானே? வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறீங்க அத்தான். நீங்களே கண்டுபிடிங்க."

இவளும் அவளிடமே கேட்கத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு போனை வைத்தார். அக்காவும் தங்கையும் ஒரே அச்சு, நேராக ஒரு பதில் வராது என்று கொஞ்சம் முனகவும் செய்தார்.

பிறகு பீரோ ஞாபகம் வந்தது. அவள் போனதிலிருந்து அதில் அவள் பக்கத்துக் கதவை அவர் திறந்ததில்லை. திறந்தார். பாச்சா உருண்டை வாசனை. மேல்தட்டு காலி, நடுத்தட்டு காலி. கம்பியில் வெறும் ஹேங்கர்கள் ஒன்றோடொன்று இடித்து ஆடின. கீழ்த்தட்டில் மட்டும் புடவைகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். மண் நிறம், புகையிலை நிறம், மங்கலான சந்தனம், மறுபடியும் மண் நிறம். அவருக்கு அப்பாடா என்றிருந்தது. ஒன்று இரண்டு இருந்தால் தற்செயல். எல்லாமே ஒரே குடும்பமாக இருந்தால் அதுதானே ரசனை? கண்ணெதிரில் அத்தாட்சியை அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், நாம்தான் ஊரெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தோம் என்று தன்னைத்தானே கடிந்துகொண்டார்.

அதில் மேலாக இருந்த ஒரு பழுப்பு நிறப் புடவையை எடுத்துக்கொண்டு போய்ச் சாயக்காரம்மாவிடம் நீட்டினார்.

"இந்த நிறம் வரணும்."

அவள் உறையைக் கழற்றிவிட்டு, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, புடவையின் ஓரத்தை மட்டும் விரலால் பிடித்துப் பார்த்தாள்.

"கட்டாத புடவை மாதிரி இருக்கே சார். மடிப்புகூடக் கலையல."

"அவ எதையும் பத்திரமா வச்சுக்குவா" என்றார் பெருமையாக.

சாயக்காரம்மா அவரை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தவள், வானத்தைப் பார்த்தாள். மழை வருவதற்குள் முடிக்க வேண்டிய வேலை இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது. "வெல்லப்பாகுல கொஞ்சம் காப்பி கலந்தா இது வரும்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுக்கப் போனாள்.

தளத்தைத் துப்புரவாக்க வேண்டியிருந்ததால் ஓரத்தில் இருந்த அவளுடைய பூந்தொட்டிகளை அவர்தான் நகர்த்தினார். நகர்த்தினார் என்றால் பெருமை. அவற்றில் செடி என்று ஒன்றும் இல்லை, குச்சிகள்தான் நின்றன. அவள் போன புதிதில் தண்ணீர் ஊற்றினார், நடுவில் மறந்தார், பிறகு காய்ந்ததைப் பார்க்கச் சங்கடப்பட்டு அந்தப் பக்கம் பார்ப்பதையே விட்டார். எல்லாவற்றையும் சுவருக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தார்.

ஆட்கள் தளத்தைத் தேய்த்துக் கழுவினார்கள். காய்ந்த பிறகு சாயக்காரம்மா முதுகில் டப்பாவை மாட்டிக்கொண்டு, பின்பக்கமாக நடந்தபடியே சாயத்தைத் தெளித்தாள். சாயம் பட்ட இடமெல்லாம் சுர்ரென்று நுரைத்தது. மூக்கில் காரமாக ஏறியது. டைம்கீப்பர் ஜன்னலுக்குப் பின்னால் நின்று, சாம்பல் நிறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பாவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் அடர்த்தியாக, ஒரு இடத்தில் வெளிறி, மேகம் மேகமாக இறங்கியது. மறுநாள் ஆசிட்டின் வேகம் அடங்க, சோடா மாவு கரைத்த தண்ணீரால் கழுவிவிட்டார்கள். அது காய்ந்ததும் மேல்பூச்சு.

"ரெண்டு நாளைக்கு யாரும் மிதிக்கக் கூடாது சார். நீங்க பின்வாசல் வழியாப் போய் வாங்க. வர்றவங்ககிட்டயும் சொல்லிடுங்க" என்று கேட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டுப் போனாள்.

வருகிறவர்கள்! அந்த இரண்டு நாளும் அவர் ஜன்னலடியில் உட்கார்ந்து கயிற்றுக்குக் காவல் இருந்தார். யாராவது வந்து, கயிற்றைத் தாண்டப் பார்த்து, "ஏய், மிதிக்காதே!" என்று கத்த ஒரு வாய்ப்புக் கிடைக்கும் என்று நினைத்தார். தபால்காரர்கூட வரவில்லை. வராத ஆட்களுக்காகக் கட்டிய கயிறு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

மூன்றாம் நாள் காலையில் சீக்கிரமே குளித்தார். கயிற்றை அவிழ்த்தார். ஒரு வாளித் தண்ணீர் தெளித்துத் தளத்தைத் துடைத்தார். வெயிலில் அது பளபளத்தது. உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. ஓரத்தில் மட்டும், பூந்தொட்டிகள் இருந்த இடத்தில், சாயம் சரியாக ஏறாமல் வெளிறிய வட்டங்கள் நின்றன. அதனால் என்ன. கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல்படியில் நின்று கூப்பிட்டார்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. என்ன, வெளிய நிக்கறீங்க?"

"இரு, ஒண்ணு காட்டறேன்." கேமராவைத் திருப்பினார். கேட்டிலிருந்து மெதுவாக, கை நடுங்காமல், ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை காட்டினார்.

லைன் போய்விட்டதோ என்று திரையைத் தட்டிப் பார்த்தார்.

"தெரியுதா?"

"தெரியுது. யாரு கலர் எடுத்தது?"

"நான்தான். உனக்குப் பிடிச்ச கலர்."

"எனக்கா?"

"பின்ன? பீரோவுல நீ வச்சிருக்கிற புடவை எல்லாம் பாத்து, அந்தப் பழுப்புப் புடவையையே கொண்டுபோய்க் காட்டி, அச்சு அசலா அதே மாதிரி."

அவள் பேசினாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"என்னங்க, அந்தப் புடவை நீங்க எடுத்துக் கொடுத்தது. ஒண்ணு எடுத்தா ஒண்ணு சும்மான்னு கடைக்காரன் தலையில கட்டினது. கீழ்த்தட்டுல இருக்கிற எல்லாமே அப்படி வந்ததுதான். எனக்கு அந்த நிறமே ஆகாது, கட்டினா காய்ச்சல்காரி மாதிரி இருப்பேன். அதான் விட்டுட்டு வந்தேன். பிடிச்சதெல்லாம் பெட்டியில எடுத்துக்கிட்டேனே."

டைம்கீப்பர் வாசல்படியில் உட்கார்ந்தார். பிடித்ததெல்லாம் பெட்டியில். மேல்தட்டு காலி, நடுத்தட்டு காலி. பிரசவத்துக்குப் போகிறவள் ஒன்றிரண்டு மாசத்துக்குத் துணி எடுப்பாள். பிடித்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு யார் போவார்கள்? பிடிக்காததை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அந்த வீட்டில்தான் அவரும் இருந்தார்.

"ஓரத்துல வட்டம் வட்டமா இருக்கே, அது என் தொட்டிங்க நின்ன இடமா?"

"ஆமா."

"படிக்குப் பக்கத்துல ரோஜா. அடுத்தது கத்தாழை." அவள் குரல் கொஞ்சம் இளகியது. "எல்லாம் எங்க?"

"காஞ்சு போச்சு. நான் சரியாத் தண்ணி ஊத்தல."

"ம்."

அவர் கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். முதல் தடவையாக மூலையில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப உனக்கு என்ன கலர்தான் பிடிக்கும்?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவரைக் குத்த வேண்டும் என்ற எண்ணம் துளிகூட இல்லை.

"இத்தனை நாளா தினமும் பாக்கறீங்களே."

"எதை?"

அவள் சாய்ந்திருந்த இடத்திலிருந்து தலையை நகர்த்திக்கொண்டாள். பின்னால் சுவர். எத்தனையோ மாதங்களாக, காலை தவறாமல், அவள் தலைக்குப் பின்னால் இருந்த அதே சுவர். நல்ல மயில்கழுத்து நிறம்.

"மக கேட்டா, அம்மா உன் ரூமுக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம்னு. எனக்கு உடனே சொல்ல வரல. யாரும் கேட்டதே இல்லையா, வாய் எழும்பல. அவ விடல. கடைக்குக் கூட்டிட்டுப் போய், நீயே காட்டுன்னு நிக்க வச்சா. இதைக் காட்டினேன். அடிச்ச அன்னிக்கே உங்ககிட்ட கேட்டேன், சுவர் நல்லா இருக்கான்னு. நீங்க, அங்க மழை உண்டான்னு கேட்டீங்க."

உன் ரூம். விருந்துக்கு வந்தவர்களுக்கு யாரும் சுவரில் பெயிண்ட் அடிப்பதில்லை என்பது டைம்கீப்பருக்குத் தெரியும். கேட்கவே கூடாது என்று இத்தனை நாள் பொத்தி வைத்திருந்த கேள்வி இனி கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று ஆகிவிட்டது. ஆனாலும் கேட்டார். ஒரு தடவையாவது அவளைக் கேட்டதாக இருக்கட்டும்.

"நீ வருவியா?"

அவள் புடவை முந்தானையின் ஓரத்தை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினாள்.

"வருவேன். பாத்துட்டுப் போக வருவேன்."

"சரி."

"வெளியில கலர் நல்லாத்தான் இருக்கு. குறை சொல்றேன்னு நினைக்காதீங்க."

"இல்ல, இல்ல."

வழக்கமாக இந்த இடத்தில் 'வச்சிடறேன்' என்பது அவர்தான். அவள் அதற்குக் காத்திருந்தாள். அவர் கைப்பேசியை முகத்துக்கு அருகே கொண்டுவந்தார்.

"போனை வைக்காத. அப்படியே எங்கயாவது சாய்ச்சு வச்சிட்டு நீ போய் உன் வேலையைப் பாரு. நான் கொஞ்ச நேரம் சுவரைப் பாத்துக்கறேன்."

"சுவரையா?"

"ஆமா."

அவள் என்ன நினைத்தாளோ, எதிரே எதன்மேலோ கைப்பேசியைச் சாய்த்து வைத்தாள். திரை ஒரு தடவை ஆடி நின்றது. காலடிச் சத்தம் தூரப் போயிற்று. எங்கோ குழந்தை பாட்டியைக் கூப்பிட்டது, அவள் "வந்துட்டேன் கண்ணு" என்று குரல் கொடுத்தாள்.

டைம்கீப்பர் வாசல்படியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலை சாய்த்துச் சாய்த்து ஒரு இடத்தில் மட்டும் சுவர் லேசாக மங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் அழகாக இருந்தது. நீச்சல் குளம் என்று சொன்னதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. இங்கே வெயில் ஏறி, தெளித்த ஈரம் காய்ந்து, தளம் அசல் பழுப்பாகிவிட்டது. தெருமுனையில் ஹாரன் கேட்டது. அவர் மணிக்கட்டைத் திருப்பவில்லை.

அங்கே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுவரின் நீலம் முதலில் பச்சையை விழுங்கியது, பிறகு அதுவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. கடைசியில் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. விளக்குப் போட அவள் அறைக்குள் வருவாள் என்று அவர் காத்திருந்தார்.